கோலியும் கேடயமும்

தமிழ்நாட்டிலிருந்து முதன்முதலாகத் தில்லிக்கு வருகிறவர் காதில் 'கோல் மார்க்கெட்' என்ற பெயர் வேறு மாதிரி விழும். நமக்குக் கோல் என்றால் தடி. அளவுகோல், எழுதுகோல், செங்கோல் என்று நேராக நீண்ட பொருள்களே நினைவுக்கு வரும். இந்தியில் அதே ஒலிக்கு வட்டம் என்று பொருள். நம்முடைய நேர்கோடு அங்கே போய் வளைந்துவிடுகிறது.

சாலை வட்டத்தின் நடுவே 1921-இல் கட்டப்பட்ட அந்தக் கட்டடத்துக்குப் பன்னிரண்டு பக்கங்கள். எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். நடந்து சுற்றுகிறவர் கண்ணுக்கு அது வட்டம்தான். கொஞ்ச தூரத்தில் கோல் டாக் கானா, அதாவது வட்டத் தபால் நிலையம். புதுதில்லியை வரைந்தவர்களுக்கு வட்டத்தின் மேல் இருந்த பிரியம் மக்கள் வாயில் இப்படிப் பெயர்களாகத் தங்கிவிட்டது. இந்த வட்டத்தைச் சுற்றியிருந்த அரசுக் குடியிருப்புகளில் ஒரு காலத்தில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. மந்திர் மார்க்கில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இன்றும் நடக்கிறது.

கோல் என்ற இந்திச் சொல்லுக்கு ஒரு தங்கை உண்டு. கோலா என்றால் பெரிய உருண்டை, பீரங்கிக் குண்டு. அதைச் சிறிதாக்கினால் கோலி. தமிழுக்கு வந்தபோது அந்தத் தங்கை விளையாட்டுச் சாமானாக மட்டும் வந்தாள்: கோலிக்குண்டு, கோலி சோடா. இந்தியில் அவளுக்கு இன்னும் இரண்டு வேலைகள். துப்பாக்கியிலிருந்து பாயும் தோட்டாவும் கோலி. ஜுரத்துக்கு விழுங்கும் மாத்திரையும் கோலி. கோல் மார்க்கெட்டுக்குப் புதிதாய்க் குடிவந்த எங்கள் வீட்டில், தலைவலிக்குக் கோலி வாங்கிக்கொள்ளச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரரின் பேச்சு என் அம்மாவுக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று. ஒரே சொல்லில் விளையாட்டும் மருந்தும் மரணமும் இருப்பதைச் சிறுவனாக அன்று வியந்தேன். அந்த வியப்பு இன்னும் தீரவில்லை.

2022 மார்ச்சில் அந்தச் சொல் மறுபடி என்னிடம் வந்தது. பிப்ரவரி 24 அன்று உக்ரைன் போர் தொடங்கிய நாளிலேயே செர்னோபில் வளாகம் ரஷ்யப் படைகளின் கைக்குப் போனது. மார்ச் 4 அன்று சப்போரீசியா அணுமின் நிலைய வளாகத்தில் சண்டையின்போது தீப்பிடித்தது. ஐரோப்பாவின் மருந்துக் கடைகளில் அயோடின் மாத்திரைக்கு வரிசை நின்றது. எதிர்வீட்டு மாமியின் மகள் பெல்ஜியத்தில், ஆண்ட்வெர்ப்பில் இருக்கிறாள். அந்த ஊருக்குப் பக்கத்திலேயே டூல் அணுமின் நிலையம். பெல்ஜியத்தில் 2018 முதல் மருந்துக் கடைகளில் இந்த மாத்திரையை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். மகள் அந்தப் பெட்டியைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள்.

"ஏம்ப்பா, இதைக் கொஞ்சம் பாரேன். ரேடியேஷன் மாத்திரையாம். அங்க எல்லாருக்கும் இனாமாக் குடுக்கறாளாம். நாமளும் ஒரு அட்டை வாங்கி வெச்சுக்கலாமோ?"

"மருந்துக் கடையில கேட்டேளா மாமி?"

"கேட்டேன். ரேடியேஷன் கீ கோலி இருக்கான்னு கேட்டேன். அவன் முழிக்கறான்."

மருந்துக் கடைக்காரர் முழித்ததில் தவறில்லை. அப்படி ஒரு மருந்து உலகத்தில் கிடையாது. மாமி காட்டிய படத்தில் இருந்த பெயர் வேறு. 'காலியம்யோடைட், 65 மில்லிகிராம்' என்று டச்சு மொழியில் அச்சாகியிருந்தது. அந்தப் பெயரை உடைத்துப் பார்த்தால் அந்த மாத்திரை என்ன செய்யும், என்ன செய்யாது என்பது முழுக்கத் தெரிந்துவிடும். மாமிக்கு அன்று சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் காலியம். அரபு மொழியில் 'கல்யா' என்றால் செடியை எரித்த சாம்பல். கடற்கரைச் செடிகளை எரித்து, அந்தச் சாம்பலில் சோப்பும் கண்ணாடியும் செய்தார்கள். 'அல்' என்ற முன்னொட்டைச் சேர்த்து ஐரோப்பா அதை 'ஆல்கலி' ஆக்கியது. ஆங்கிலேயர் வேறு வழியில் போனார்கள். சாம்பலைப் பானையில் கரைத்துக் காய்ச்சியதால் பானைச் சாம்பல், அதாவது 'பொட்டாஷ்'. 1807-இல் ஹம்ஃப்ரி டேவி அதிலிருந்து ஓர் உலோகத்தைப் பிரித்தெடுத்து அதற்குப் பொட்டாசியம் என்று பேர் வைத்தார். ஜெர்மானிய, டச்சு மொழிகள் அரபுச் சாம்பலையே பிடித்துக்கொண்டன. நம் வேளாண்மைத் துறைக்காரர்கள் இந்த விஷயத்தில் எல்லோரையும்விட நேர்மையானவர்கள். தழைச்சத்து, மணிச்சத்து என்ற வரிசையில் இதைச் 'சாம்பல் சத்து' என்றே சொல்லிவிட்டார்கள். தஞ்சாவூர் உழவர் ஒருவர் உரக்கடையில் சாம்பல் சத்து கேட்கும்போது, தெரியாமலே அந்த அரபுச் சொல்லை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறார்.

அயோடினும் சாம்பலில் பிறந்ததுதான். நெப்போலியனின் போர்களுக்கு வெடியுப்பு தட்டுப்பாடாயிற்று. பாரிஸில் வெடியுப்புத் தொழில் செய்த பெர்னார் கூர்த்துவா கடற்பாசியை எரித்த சாம்பலைப் பயன்படுத்தினார். 1811-இல் ஒரு நாள் அந்தச் சாம்பல் நீரில் கந்தக அமிலம் கொஞ்சம் அதிகமாக விழுந்துவிட, கண்ணெதிரே ஊதா நிறத்தில் ஆவி எழுந்தது. குளிர்ந்த இடத்தில் பட்டதும் அது திரவமாகாமல் கரும்பளபளப்பான படிகமாக உறைந்தது. ஜோசஃப் கே-லுசாக் அந்த ஊதா ஆவியைப் பார்த்து அதற்கு 'யோத்' என்று பெயர் கொடுத்தார். கிரேக்கத்தில் 'இயோன்' என்றால் ஊதா மலர். 'இயோஎய்தேஸ்' என்றால் ஊதாப்பூ நிறத்தது. அந்த நேரம் பாரிஸில் இருந்த டேவி, குளோரின் என்ற பெயரின் வாலை ஒட்டி அயோடின் ஆக்கினார்.

இதில் என் மனத்தைத் தொட்ட ஒரு செய்தி உண்டு. அந்தக் கிரேக்கச் சொல்லை ஹோமர் கடலுக்கு அடைமொழியாகச் சொல்லியிருக்கிறார். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, கடற்பாசியிலிருந்து வெளிவந்த ஒரு பொருள், கடலின் நிறம் சொன்ன அதே சொல்லைத் தன் பெயராகப் பெற்றது. லத்தீனில் வயலட் என்று வந்த சொல்லும் இந்த இயோனும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை என்று மொழியறிஞர்கள் கருதுகிறார்கள். பாடப் புத்தகத்தில் அடுத்தடுத்துப் படிப்பதால் அயோடினுக்கும் அயனிக்கும் உறவு என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். உறவில்லை. அயனி என்பது 'போகிறது' என்னும் வேறொரு கிரேக்கச் சொல்லின் வழி வந்தது.

ஆக அந்தப் பெட்டியில் இருப்பது சாம்பலும் ஊதாவும். இரண்டும் சேர்ந்து வெறும் வெள்ளை உப்பாகிவிட்டன.

ஆனால் கதிர்வீச்சு என்ற சொல் அந்தப் பெயரில் எங்குமே இல்லை. இருக்கவும் கூடாது. கதிர்வீச்சு, கதிரியக்கம் என்று தமிழில் இரண்டு சொற்கள் இருப்பது நம் பாக்கியம். பேச்சில் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். கதிர்வீச்சு என்பது வெளியே பாய்வது: எக்ஸ்ரே, காமாக் கதிர். கதிரியக்கம் என்பது ஒரு பொருளின் உள்ளிருந்து தானாக நடக்கும் சிதைவு. அயோடின் மாத்திரை எந்தக் கதிரையும் தடுக்காது. அதை விழுங்கியவர் உடம்பைக் காமாக் கதிர் முன்போலவேதான் துளைத்துச் செல்லும். அது தடுப்பது ஒரே ஒரு பொருளை, ஒரே ஓர் உறுப்புக்குள் புகாமல். பொருள், அணு உலையில் உண்டாகும் கதிரியக்க அயோடின். உறுப்பு, தைராய்டு.

தைராய்டு என்ற பெயர்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

1656-இல் தாமஸ் வார்ட்டன் என்ற லண்டன் மருத்துவர் சுரப்பிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். குரல்வளைக்கு அடியில் பட்டாம்பூச்சி போல் ஒட்டியிருக்கும் சுரப்பிக்கு, பக்கத்திலிருந்த கேடயக் குருத்தெலும்பின் பெயரையே வைத்தார். அது என்ன வேலை செய்கிறது என்று அவருக்குத் தெரியாது. பெண்களின் கழுத்துக்கு வடிவழகு தரத்தான் இருக்கிறது என்றுகூட நினைத்தார். குருத்தெலும்புக்கு அந்தப் பெயர் பண்டைய கிரேக்க மருத்துவர் காலனின் காலத்திலேயே உண்டு. 'தைரியோஸ்' என்றால் நீண்ட கேடயம். தமிழில் கேடயச் சுரப்பி என்று மொழிபெயர்த்தவர்கள் இந்த இடத்தோடு நின்றுவிட்டார்கள். இன்னும் ஒரு படி கீழே இறங்கியிருக்கலாம்.

அந்தக் கேடயத்துக்கு ஏன் தைரியோஸ் என்று பெயர்? அது ஆளை மறைக்கும் அளவுக்குக் கதவுபோல் நீளமாக இருந்ததால். கிரேக்கத்தில் 'தைரா' என்றால் கதவு. ஹோமர் காலத்தில் தைரியோஸ் கேடயமாகக்கூட ஆகவில்லை. குகை வாசலை அடைக்கும் பெருங்கல்லுக்குத்தான் அந்தப் பெயர். ஒடிசியில் ஒற்றைக்கண் அரக்கன் தன் குகை வாயிலில் உருட்டி வைக்கும் கல் அது.

இந்தத் தைராவும் வடமொழியின் துவாரமும் உடன்பிறப்புகள். ஒரே மூதாதைச் சொல்லின் பிள்ளைகள். துவாரம் தமிழுக்கு வந்து ஊசித் துவாரம், மூக்குத் துவாரம் என்று ஓட்டையாகச் சுருங்கிவிட்டது. கோயிலில் மட்டும் அது தன் பழைய பொருளோடு நிமிர்ந்து நிற்கிறது: துவாரபாலகர். தஞ்சைப் பெரிய கோயிலில் அவர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கருவறைக்கு இரண்டு பக்கமும், கையில் கதையோடு, ஆளை நிறுத்தி யோசிக்க வைக்கும் உயரம். எங்கள் வீட்டருகே ராமகிருஷ்ண ஆசிரம மார்க் மெட்ரோ நிலையத்தில் நீல வழியில் ஏறினால் வண்டி துவாரகாவுக்குப் போகிறது. வாயில்களின் ஊர் அது. ஒவ்வொரு முறை அந்த அறிவிப்பு காதில் விழும்போதும் இப்போதெல்லாம் கை தானாகக் கழுத்துக்குப் போகிறது.

ஏனென்றால் தைராய்டின் வேலையே வாயில் வேலைதான். ரத்தத்தில் ஓடும் அயோடினை அந்தச் சுரப்பியின் செல்கள் தனி வாயில் வைத்து இழுத்துக்கொள்கின்றன. அதைக் கொண்டுதான் வளர்ச்சியையும் உடல் வெப்பத்தையும் நடத்தும் ஹார்மோனைச் செய்கின்றன. அந்த வாயிலுக்கு அயோடினை அடையாளம் தெரியும். நல்ல அயோடினா கதிரியக்க அயோடினா என்று தெரியாது. உணவில் வரும் அயோடினின் நிறை எண் 127. உலை விபத்தில் பறந்து வருவதன் எண் 131. வேதியியலில் இரண்டுக்கும் ஒரே முகம். 1938-இல் பெர்க்லியில் கிளென் சீபோர்கும் ஜான் லிவிங்குட்டும் கண்டுபிடித்த இந்த 131 எட்டு நாளைக்கு ஒரு முறை பாதியாகக் குறையும். எண்பது நாளில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். ஆனால் அந்த முதல் சில வாரங்கள் அது ஒரு குழந்தையின் சிறிய சுரப்பிக்குள் உட்கார்ந்துகொண்டால் போதும், புற்றுநோய்க்கான வித்து விழுந்துவிடலாம்.

ஆகவே வாயிலை முன்கூட்டியே நல்ல அயோடினால் நிரப்பி அடைத்துவிடுவது. அவ்வளவுதான் இந்த மருத்துவம். ஒரே நேரத்தில் மிகுதியாக அயோடின் வந்தால் சுரப்பி தானாகவே வேலையைக் கொஞ்ச காலம் நிறுத்திக்கொள்ளும் என்பதை 1948-இல் வுல்ஃப், சாய்க்காஃப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். உள்ளே இடமும் இல்லை, கதவும் சாத்தியாயிற்று. பின்னால் வருகிற 131-க்கு வாசலில் வேலை இல்லை. சிறுநீரகம் வழியே வெளியேறிவிடும். குகை வாயிலுக்கு உருட்டிய கல் என்று ஹோமர் காலத்துக் கிரேக்கர் சொன்ன பொருள், அவர்கள் கனவிலும் நினைக்காத ஓர் இடத்தில் இப்படி உண்மையாகிறது.

மருத்துவர்கள் இந்த முறைக்கு வைத்த பெயரும் இதே குடும்பம். நெடுங்காலம் அதை 'அயோடின் புரோஃபிலாக்ஸிஸ்' என்றார்கள். ஃபிலாக்ஸ் என்றால் கிரேக்கத்தில் காவலாள். முன்னே நிற்கும் காவல். இப்போது உலக சுகாதார நிறுவனம் 'தைராய்டு அடைப்பு' என்ற பொருள்படும் சொல்லை விரும்புகிறது. எதைக் காக்கிறது என்று அந்தப் பெயரிலேயே தெரிய வேண்டும் என்பதால் அது நியாயமானது. ஆனால் தமிழில் அடைப்பு என்றால் மாரடைப்பு நினைவுக்கு வரும். தைராய்டு முன்காவல் என்று சொன்னால் கோயில் வாசல் நினைவுக்கு வரும். எனக்குப் பின்னதுதான் பிடிக்கிறது.

பெயர் தவறினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். தில்லியிலேயே அதற்குப் பதில் இருக்கிறது.

2010 ஏப்ரலில் மேற்குத் தில்லி மாயாபுரியின் பழைய இரும்புச் சந்தையில் ஒரு கடைக்காரருக்கும் வேலையாட்களுக்கும் கை கருத்தது, முடி கொட்டியது, வாந்தி நிற்கவில்லை. தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறை பல ஆண்டுகளாகப் பயன்படுத்தாமல் வைத்திருந்த ஒரு காமாக் கதிர்க் கருவியைப் பழைய சாமானாக ஏலம் விட்டிருந்தது. இரும்புச் சந்தையில் அதை உடைத்துப் பிரித்தார்கள். உள்ளே இருந்தது கோபால்ட் 60. ஒருவர் இறந்துபோனார், பலர் மருத்துவமனையில் கிடந்தார்கள். இந்தத் தலைநகரம் நேருக்கு நேர் கண்ட கதிர்வீச்சு அவசரநிலை அதுதான்.

அன்று 'ரேடியேஷன் கீ கோலி' ஒரு மூட்டை கிடைத்திருந்தாலும் அந்த மனிதர்களுக்கு ஒரு பயனும் இருந்திருக்காது. கோபால்ட்டுக்குத் தைராய்டின் மேல் நாட்டமில்லை. அதன் காமாக் கதிர் வெளியிலிருந்தே உடம்பைத் துளைத்தது. கோபால்ட்டின் பெயரும் சொல்லிவைக்க வேண்டியதுதான். வெள்ளி எதிர்பார்த்துத் தோண்டிய ஜெர்மானியச் சுரங்கக்காரர்களுக்கு வெள்ளி தராமல் நச்சுப் புகையை மட்டும் கக்கிய தாதுவைச் சுரங்கத்துக் குறளிப் பேயின் வேலை என்று நம்பி 'கோபோல்ட்' என்றார்கள். 1735 வாக்கில் கெயார்க் பிராண்ட் என்ற ஸ்வீடன்காரர் அதிலிருந்து புதிய உலோகத்தைக் கண்டபோதும் பேயின் பெயர் விடவில்லை. பழைய இரும்பு என்று நினைத்து உடைத்தவர்கள் கையில் அகப்பட்டது அந்தப் பேய்தான்.

ஒவ்வொரு கதிரியக்கப் பொருளும் உடம்பில் போய்த் தங்கும் இடம் வேறு, அதற்கான மருந்தும் வேறு. சீசியம் தசைகளில் பரவும். அதைக் குடலில் பிடித்து வெளியேற்றப் பிரஷ்யன் நீலம் என்ற சாயத்தையே மருந்தாகக் கொடுக்கிறார்கள். சீசியம் என்ற பெயருக்கே லத்தீனில் வானநீலம் என்று பொருள். வானநீலத்துக்குப் பிரஷ்யன் நீலம், கடலூதாவிலிருந்து காக்கக் கடலூதா. வடதில்லி திமார்பூரில் 1961 முதல் இயங்கும் அணு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமான இன்மாஸில் தைராய்டு நோய்க்குக் கதிரியக்க அயோடினையே மருந்தாகவும் கொடுக்கிறார்கள். அளவும் இடமும் சரியாக இருந்தால் அதே 131 நோய் தீர்க்கிறது. சுரப்பியின் அந்தத் திறந்த வாயிலை மருத்துவர் பயன்படுத்திக்கொள்கிறார்.

அணு உலை விபத்து என்று வந்தால் தில்லிக்கு அருகில் இருப்பது கங்கைக் கரையிலுள்ள நரோரா அணுமின் நிலையம். 1993 மார்ச் 31 அன்று அங்கே டர்பைன் இறக்கைகள் உடைந்து ஹைட்ரஜன் தீப்பற்றி, மின்கம்பிகள் எரிந்து, நிலையமே மணிக்கணக்கில் மின்சாரமின்றி இருட்டில் நின்றது. பணியாளர்கள் டார்ச் வெளிச்சத்தில் ஏறி, உலைக்குள் போரானைச் செலுத்தினார்கள். கதிரியக்கம் வெளியே வரவில்லை. அன்று அவர்கள் தங்கள் பணியைக் கைவிட்டிருந்தால் இந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுத வேண்டியிருந்திருக்கும்.

இனி மாத்திரை என்ற சொல்லுக்கு வருகிறேன். இதைக் கடைசிக்கு வைத்திருந்ததற்குக் காரணம் உண்டு. இந்தியின் கோலி, மலையாளத்தின் குளிக, நம் சித்த மருத்துவத்தின் குளிகை, லத்தீன் வழி வந்த ஆங்கிலப் 'பில்' எல்லாமே உருண்டை என்று பொருள்படுகிறவை. கையால் உருட்டியதைப் பார்த்து, வடிவத்துக்குப் பெயர் வைத்தார்கள். தமிழ்ப் பேச்சோ மாத்திரை என்றது. அது அளவு. வடமொழி மாத்ரா நம்மிடம் வந்து, இலக்கணத்தில் எழுத்து ஒலிக்கும் நேரத்தை அளக்கும் சொல்லாயிற்று. கண் இமைக்கும் பொழுதும் விரல் நொடிக்கும் பொழுதும் ஒரு மாத்திரை என்று தொல்காப்பியம் அதற்கு அளவு சொல்கிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. ஆக அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு என்பதும் எவ்வளவு நேரம் என்பதும் சேர்ந்தே இருக்கின்றன. இந்த அயோடின் விஷயத்தில் அந்த இரண்டும்தான் எல்லாமே.

முதலில் எவ்வளவு. பெரியவர் ஒருவருக்குத் தேவையானது 130 மில்லிகிராம் பொட்டாசியம் அயோடைடு. அதில் 100 மில்லிகிராம் அயோடின். 3 முதல் 12 வயது வரை அதில் பாதி. ஒரு மாதம் முதல் 3 வயது வரை கால் பங்கு. பிறந்த குழந்தைக்கு அதிலும் பாதி, 16 மில்லிகிராம். பெல்ஜியம் பெட்டியில் 65 என்று போட்டிருந்ததன் பொருள் இதுதான்: பெரியவருக்கு இரண்டு, சிறுவருக்கு ஒன்று. குழந்தையின் சுரப்பிதான் அயோடினை அதிகம் இழுக்கிறது. அதற்குத்தான் காவல் முதலில் வேண்டும். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இதனால் கிடைக்கும் நன்மை குறைவு. நாட்பட்ட கழுத்துக் கழலை உள்ளவர்களுக்கு இந்த அளவு அயோடின் படபடப்பையும் மிகைச் சுரப்பையும் கிளப்பிவிடலாம். மாத்திரையை வாங்கி வைத்துக்கொண்டு, பயம் வந்தபோதெல்லாம் ஒன்று விழுங்குவது ஆபத்து என்பது இதனால்தான்.

உப்பில்தான் அயோடின் இருக்கிறதே, அதைக் கூடுதலாகச் சாப்பிட்டால் போதாதா? 2011-இல் ஃபுகுஷிமா விபத்தின்போது சீனாவில் மக்கள் கடைகளை முற்றுகையிட்டு அயோடின் உப்பை மூட்டை மூட்டையாக வாங்கினார்கள். நம் நாட்டுச் சட்டப்படி, வாங்குகிறவர் கைக்கு வரும்போது ஒரு கிராம் உப்பில் 15 மைக்ரோகிராம் அயோடின் இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் 100 மில்லிகிராம் கிடைக்க ஆறரைக் கிலோவுக்கு மேல் உப்பு தின்ன வேண்டும். உப்பே ஆளைக் கொன்றுவிடும். அதே ஆண்டு ஜப்பானில், காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தைக் குடிக்க வேண்டாம் என்று கதிரியல் நிறுவனம் மக்களைக் கெஞ்ச வேண்டியிருந்தது. நம் ஊரில் டிஞ்சர் என்ற பெயரில் அலமாரியில் இருப்பதும் அதுபோன்றதே. பெயரில் அயோடின் இருப்பதெல்லாம் விழுங்குவதற்கு அல்ல.

அடுத்தது எவ்வளவு நேரம். கதிரியக்க அயோடின் வந்து சேர்வதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள்ளோ, வந்து 2 மணி நேரத்துக்குள்ளோ விழுங்கினால் முழுப் பயன். 8 மணி நேரம் வரை ஓரளவு பயன். ஒரு நாள் கழித்து விழுங்கினால் நன்மையைவிடத் தீமை மிகலாம். உள்ளே புகுந்துவிட்ட 131-ஐச் சுரப்பி வெளியேற்ற விடாமல் கதவைச் சாத்தியது போலாகும்.

1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் வெடித்தது. சோவியத் அரசு உடனே வாய் திறக்கவில்லை. காற்றில் கதிரியக்க அளவுகள் ஏறுவதைக் கண்ட போலந்து காத்திருக்காமல், 29 ஆம் தேதி முதல் மக்களுக்கு அயோடின் கொடுக்கத் தொடங்கியது. போதிய மாத்திரை இல்லை. 1829-இல் லூகால் என்ற பிரெஞ்சு மருத்துவர் செய்த கரைசலைக் கலக்கிக் கரண்டியில் ஊற்றினார்கள். ஏறத்தாழ ஒரு கோடி குழந்தைகளுக்கும் எழுபது லட்சம் பெரியவர்களுக்கும் சில நாட்களில் கொடுத்து முடித்தார்கள். பசும்பால் விற்பனையையும் கட்டுப்படுத்தினார்கள், மேய்ச்சல் புல்லில் விழுந்த அயோடின் பாலில் வந்து குழந்தைக்குத்தான் போகும் என்பதால். எல்லைக்கு அப்பால் பெலாரூஸிலும் உக்ரைனிலும் ரஷ்யாவிலும் பலர் அந்தப் பாலைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். 2005-க்குள் அங்கே அன்று சிறுவர்களாக இருந்தவர்களிடம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தைராய்டுப் புற்றுநோய்கள் கண்டறியப்பட்டன.

ஃபுகுஷிமாவில் மாத்திரை இருந்தது, நேரம் தவறியது. விபத்து மார்ச் 11. மாத்திரை கொடுக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது 16 ஆம் தேதி. அதற்குள் பக்கத்து ஊர்க்காரர்கள் வெளியேறிவிட்டிருந்தார்கள். மிஹாரு என்ற சிறிய ஊரின் நிர்வாகம் மட்டும், காற்று தங்கள் பக்கம் திரும்புவதைக் கண்டு, உத்தரவுக்குக் காத்திராமல் 15 ஆம் தேதியே நாற்பது வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுத்தது. அந்த ஊர் அலுவலர்களை நினைக்கும்போது எனக்கு மரியாதை பொங்குகிறது. மாத்திரை என்ற சொல்லின் இரண்டாவது பொருளை அறிந்தவர்கள் அவர்கள்.

இதைப் படிக்கும் தமிழ்நாட்டு வாசகருக்குக் கல்பாக்கமும் கூடங்குளமும் நினைவுக்கு வந்திருக்கும். உலையைச் சுற்றி 16 கிலோமீட்டர் வட்டத்துக்கு அவசரகாலத் திட்டம் வகுப்பது நம் நாட்டு விதி. அந்த வட்டத்துக்குள் வாழும் மீனவப் பெண்ணுக்கும் பனைத் தொழிலாளிக்கும் இந்த மாத்திரையின் பெயரும் நேரமும் அவர்கள் பேசும் தமிழில் முன்பே தெரிந்திருக்க வேண்டும். சைரன் ஒலித்த பிறகு சொல்லாராய்ச்சிக்கு நேரமிருக்காது.

மாத்திரைக்கு முன்னாலேயே செய்யக்கூடிய காவல் ஒன்று உண்டு, அது சமையலறையில் இருக்கிறது. இமயத்து மண்ணில் பனியும் மழையும் வெள்ளமும் அயோடினைக் கழுவிக்கொண்டு போய்விட்டன. 1956-இல் வி. ராமலிங்கசுவாமியும் அவர் தோழர்களும் காங்ரா பள்ளத்தாக்கில் ஒரு பகுதிக்கு அயோடின் உப்பும் இன்னொரு பகுதிக்குச் சாதாரண உப்பும் கொடுத்து ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். அயோடின் குறைவால் வரும் கழுத்துக் கழலை, அயோடின் உப்பு போன இடத்தில் குறைந்தது. அதன் பலனாகவே 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. இமயத்திலிருந்து தள்ளியிருக்கும் தில்லிப் பள்ளிப் பிள்ளைகளின் கழுத்திலும் கழலை இருந்ததைப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. பசித்த சுரப்பி எது கிடைத்தாலும் அள்ளிக்கொள்ளும். செர்னோபில் குழந்தைகளைப் பற்றி 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உணவில் அயோடின் குறைந்த பகுதிகளில் கதிரியக்கத்தால் வரும் தைராய்டுப் புற்றுநோய் அபாயம் ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. கடல் உப்பில் அயோடின் தானாகவே இருக்கும் என்று நம் பக்கத்தில் பலர் நம்புகிறார்கள். கடற்பாசி சேர்த்து வைப்பதை உப்பளம் சேர்த்து வைப்பதில்லை. பாத்தியில் விளையும் உப்பில் அது மிகமிகக் குறைவு. நம் ஈரக் காற்றிலும் நிலைத்து நிற்கும் பொட்டாசியம் அயோடேட்டைச் சேர்த்துத்தான் நிறைக்கிறார்கள்.

மாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். தில்லியில் நாம் இப்போது வாங்கி வைக்க வேண்டிய அவசியம் இல்லை, பெல்ஜியத்திலிருக்கும் மகள்தான் பத்திரமாக வைத்திருக்கட்டும் என்றேன். மகளுக்கு வயது முப்பத்தாறு, பேத்திக்கு ஐந்து. ஒரு தாளை எடுத்துப் பென்சிலால் எழுதத் தொடங்கினார்.

"ரேடியேஷன் மாத்திரைன்னு எழுதப்படாது, இல்லையா?"

"ஆமாம் மாமி."

'தைராய்டு முன்காவல். கவர்மெண்ட் சொன்னா உடனே. சொல்லாம தொடப்படாது. உனக்கு ரெண்டு, குழந்தைக்கு ஒண்ணு. பால் குடுக்கலாமான்னு கேட்டுக்கோ.' இவ்வளவும் எழுதிப் படமெடுத்து அனுப்பினார். அங்கே பெட்டியின் மேல் ஒட்டிவைத்துக்கொள்ள.

பிறகு இருவரும் கோல் மார்க்கெட் பக்கம் இறங்கினோம். மளிகைக் கடையில் மாமி ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தைக் கையில் எடுத்தார். அதைத் திருப்பி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பின்பக்கத்துச் சின்ன எழுத்துகளில் அந்த ஊதாப்பூவின் பெயரைத் தேடத் தொடங்கினார்.